முதலாளி கைமாற்று

மார்ச் கடைசியில் சீனத்துப் பாலைவனத்திலிருந்து மஞ்சள் புழுதி வந்து இறங்கிவிட்டால், கொரியாவில் கிம்ஹே ஊர்ப் பட்டறைக்காரர்களுக்கு மூச்சு விடுவதே ஒரு வேலையாகிவிடும். ஜன்னலைத் திறந்தால் கண்ணெல்லாம் மண். சாத்தினால் பிரஸ் மிஷினின் எண்ணெய்ப் புகை. இந்த அழகில்தான் வருஷக் கணக்கையும் ஒப்படைக்க வேண்டும். முப்பத்தொன்றாம் தேதி கெடு. கவர்ன்மெண்டுக்கு வேறு மாசமே கிடைக்கவில்லையா என்று பில்சுன் பத்தொன்பது வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தாள். திட்டிக்கொண்டே பத்தொன்பது வருஷமும் நாள் தவறாமல் ஒப்படைத்தும் இருந்தாள்.

கார் சீட்டுக்கு அடியில் போகிற இரும்புக் கொக்கிகளை அடித்துக் கொடுக்கிற பட்டறை அது. மூன்று பிரஸ், வாடகை நிலம், தகரக் கொட்டகை. முதலாளி தால்சு, அவள் புருஷன். அறுபத்தேழு வயசு. நாற்பது வருஷம் பிரஸ் பக்கத்தில் நின்றதில் இடது காது முழுசாகவும் வலது காது முக்காலும் போய்விட்டன. இருபது வருஷமாகக் கூடவே இருக்கிற யோம் என்கிற ஆளோடு, வியட்நாமிலிருந்து வந்த இரண்டு பேர் வேலைக்கு. இரும்புப் படியேறினால் மாடியில் ஒரே அறை. அதுதான் ஆபீஸ், அதுதான் சமையல்கட்டு. கம்ப்யூட்டருக்கு இந்தப் பக்கம் கேஸ் அடுப்பு, அந்தப் பக்கம் பேரேடு. பில்சுன் ஒரு கையால் சூப்பைக் கிண்டிக்கொண்டே மறு கையால் பில் பதிவாள்.

பட்டறை விலை பேசியாயிற்று. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பெரிய பட்டறை வைத்திருக்கிற ஓக், திங்கட்கிழமை பதினோரு மணிக்கு, பத்திரத்தில் கையெழுத்துக்குப் பதிலாகக் குத்துகிற முத்திரையோடு வருவதாகச் சொல்லியிருந்தார். இருபது கோடி வோன். பழைய மிஷினுக்கும் கையில் இருக்கிற ஆர்டருக்கும் அது நல்ல விலைதான் என்று எல்லோரும் சொன்னார்கள். தால்சுவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஓக்கின் ஆடிட்டர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். பழைய கணக்கை எல்லாம் அவர்கள் வைத்திருக்கிற புது சாஃப்ட்வேருக்கு மாற்றித் தரவேண்டும். அதற்கென்ன, மகள் நாரேவுக்குச் சியோலில் அதுதானே உத்தியோகம், கம்பெனி கம்பெனியாகப் போய்க் கணக்கு சாஃப்ட்வேர் போட்டுக் கொடுப்பது! வெள்ளிக்கிழமை ரயிலில் வந்து இறங்கினாள். சனிக்கிழமை காலையில் பழைய கம்ப்யூட்டரிலிருந்து எல்லாவற்றையும் உருவிப் புதுசில் கொட்டிவிட்டாள். கொட்டி முடித்த அரைமணி நேரத்தில் கூப்பிட்டாள்.

"அம்மா, கொஞ்சம் இங்க வா."

"கையில மாவுடி."

"மாவோடயே வா."

பில்சுன் பூண்டுத்தாள் அடைக்குக் கரைத்த மாவோடு போய் நின்றாள். திரையில் மேலும் கீழுமாகக் கோடு போட்டிருந்தது.

"புது சாஃப்ட்வேர் ஒவ்வொரு கணக்குக்கும் இப்படிப் படம் போட்டுக் காட்டும். நாளுக்கு நாள் எவ்வளவு இருந்துச்சுன்னு. இந்தக் கணக்கைப் பாரு. முதலாளி கைமாற்று. வருஷம் பூரா ஏறிக்கிட்டே போகுது. டிசம்பர் முப்பதாந்தேதி பொத்துனு விழுந்து சைபராயிடுது. ஜனவரி மூணாந்தேதி மறுபடி எந்திரிச்சுப் பழைய இடத்துலயே நிக்குது. அடுத்த வருஷமும் இதே. பதினேழு வருஷமா இதே."

"அதுக்கென்ன?"

"அப்பா வருஷா வருஷம் டிசம்பர் முப்பதாந்தேதி கம்பெனிக் கடனைப் பூராத் திருப்பிக் கட்டிட்டு, ஜனவரி மூணாந்தேதி மறுபடி எடுத்துக்கிறாராம். ஒரு வருஷம்கூட மறக்கல. என் பொறந்தநாளே அவருக்கு ஞாபகம் இருக்காதும்மா."

பில்சுன் மாவுக் கையைப் பாவாடையில் துடைத்தாள்.

"அந்தக் கணக்கை மட்டும் ஏத்தாம விட்டுடேன்" என்றாள்.

"அம்மா!"

"கத்தாதடி."

"நான் எங்க கத்துனேன்? அந்தப் பணம் எங்கேருந்து வந்துச்சு, எங்க போச்சு? முதல்ல அதைச் சொல்லு."

சொல்ல வேண்டியதுதான் என்று அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு உட்கார்ந்தாள் பில்சுன். கல்யாணமான நாளிலிருந்து கணக்கு என்றால் கூட்டல் கழித்தல்தான் அவளுக்கு. பட்டறை கம்பெனியான வருஷம் ஆடிட்டர் மேங்கின் ஆபீஸில் இருந்த பெண்தான் கற்றுக்கொடுத்தாள். 'பாங்கிலிருந்து காசு போயிருக்கு, பில் இல்லை, எங்கே எழுதறதுன்னு தெரியலைன்னா முதலாளி கைமாற்றுல எழுதுங்க. முதலாளி வாங்கிக்கிட்டார்னு ஆயிடும். இடமும் வலமும் சரியாயிடும், சிவப்பு போயிடும்.' பழைய சாஃப்ட்வேரில் இடமும் வலமும் சரியில்லை என்றால் கீழே சிவப்பாக ஒரு கட்டம் வந்து நிற்கும். அதைப் பார்த்தால் பில்சுனுக்குச் சோறு இறங்காது.

பில் இல்லாத காசுக்கா பஞ்சம்? ஆர்டர் கொடுக்கிற பெரிய கம்பெனியின் கொள்முதல் மேனேஜருக்கு அறுவடைப் பண்டிகைக்கு ஒரு கவர், புதுவருஷத்துக்கு ஒரு கவர். அவன் மாமியார் செத்தால் ஒரு கவர். அவன் கவருக்குள் கையை விட்டு ரசீதா கிழித்துக் கொடுப்பான்? எல்லாம் கைமாற்றுக்குள் போயிற்று. கடைசியில் சிவப்பு வந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதற்குள் தள்ளுவதே பழக்கமாகிவிட்டது. வருஷம் முடிந்தால் ஆடிட்டர் அதை எப்படியோ கழித்து விடுவார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"கழிக்கலையா?" என்றாள் நாரே.

"கழிக்கல. ரெண்டாம் வருஷம் பாங்கு மேனேஜர் கூப்பிட்டாரு. பேலன்ஸ் ஷீட்டுல முதலாளி இவ்வளவு எடுத்திருக்கார்னு இருந்தா லோனைப் புதுப்பிக்க முடியாதுன்னாரு. நான் சந்தையில அழுதுக்கிட்டு நின்னேன். சூன்தோக் அக்கா இருக்காளே, சீட்டு நடத்துறவ, அவதான் சொன்னா. 'அடி பைத்தியமே, பேலன்ஸ் ஷீட்டுங்கிறது டிசம்பர் முப்பத்தொண்ணு அன்னிக்கு ஒருநாள் எடுக்குற போட்டோ. அன்னிக்கு மட்டும் முகத்தைக் கழுவிட்டு நின்னாப் போதும்'னு. சீட்டுப் பணத்தை நாலு நாளைக்குக் கொடுத்தா. நூத்துக்கு ஒண்ணு கூலி. ஒரு தடவைன்னுதான்டி வாங்கினேன்."

"அந்தக் கூலிக்கு பில்?"

பில்சுன் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அதுவும் இதுலதான் இருக்கா?"

"வேற எங்க எழுத?"

நாரே நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "இப்ப எவ்வளவு நிக்குது தெரியுமா? நாற்பத்திரண்டு கோடி."

"தெரியும். அதை வருஷா வருஷம் புரட்டுறவ நான்தானே."

"அப்பாவுக்கு?"

"அவருக்கு எப்படித் தெரியும்? அவர் பார்க்கிறது வருஷக் கடைசித் தாளை. அதுல சைபர்தானே இருக்கு. முத்திரை குத்திட்டுக் கீழ போயிடுவாரு."

"அம்மா, நான் சொல்றதை நிதானமாக் கேளு. கம்பெனி வேற, அப்பா வேற. கணக்குப்படி அப்பா கம்பெனிக்கு நாற்பத்திரண்டு கோடி கடன்காரர். திங்கட்கிழமை ஓக் மாமாகிட்ட, 'என் கணக்கு சுத்தம், எனக்கும் கம்பெனிக்கும் கொடுக்கல் வாங்கல் ஒண்ணுமில்லை'ன்னு எழுதி முத்திரை குத்தப் போறாரு. அப்புறம் அவங்க பாங்கு ஸ்டேட்மெண்ட்டைப் புரட்டினா, கம்பெனிக் காசைக் கையாடினார்னு போலீஸ்ல எழுதிக் கொடுக்கலாம்."

"அப்ப விக்க வேண்டாம். இழுத்து மூடிடுறோம்."

"மூடினா அந்தக் கடன் பூராவும் அப்பாவுக்கு வந்த வருமானம்னு ஆயிடும். அதுக்கு வரி கட்ட வீட்டை விக்கணும்."

"வீடு ரெண்டாவது பிரஸ்ஸுக்கு அடமானத்துல இருக்கு."

"விக்காம, மூடாம அப்படியே வெச்சிருந்தா வருஷா வருஷம் வட்டி ஏறும். அவர் போய்ச் சேர்ந்துட்டா..." நாரே நிறுத்திக்கொண்டாள்.

"போய்ச் சேர்ந்துட்டா?"

"உனக்கும் எனக்கும் வரும்."

சூப்பு பொங்கி அடுப்பில் வழிந்தது. இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டில் தால்சு உற்சாகத்தின் உச்சியில் இருந்தார். அடையைக் கிழித்து யோமின் தட்டில் போட்டார். "சாப்பிடுடா, திங்கட்கிழமையிலேருந்து ஓக் வீட்டுச் சோறு. அவன் சம்சாரம் உப்பைக் கண்ணுல காட்டமாட்டா."

"அண்ணே, நீங்க இல்லாம நான் யார்கிட்ட திட்டு வாங்குவேன்?" என்றார் யோம்.

"போன் பண்ணு. திட்டுறேன். எனக்கு நீ பேசுறது கேட்காது, உனக்கு நான் திட்டுறது கேட்கும். போதாதா?" மகளைப் பார்த்துக் கண்ணடித்தார். "என்னம்மா, சாஃப்ட்வேர் ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சுப்பா" என்றாள் நாரே, தட்டைப் பார்த்துக்கொண்டு.

"உங்க அம்மா கணக்குல ஒரு தப்பு கண்டுபிடிக்க முடியாதே! பத்தொன்பது வருஷமா ஆடிட்டர் மேங் வாயைத் திறந்ததில்லை. ஓக்கே சொன்னான், 'அண்ணே, இந்த ஏரியாவுலயே உங்க தாள்தான் சுத்தம்'னு."

பில்சுன் அடையைத் தள்ளி வைத்தாள். தண்ணீர் குடித்தாள். பாவி மனுஷன், திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். ஊர் மெச்ச அவளைப் புகழ்கிறாரே என்றுதான் நெஞ்சு வெந்தது.

சொல்லிவிட வேண்டும், இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று அவர் பின்னாலேயே படியிறங்கினாள். அவர் பிரஸ்ஸைப் போட்டுவிட்டார். டமார், டமார் என்று தரை அதிர்ந்தது. பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டாள்.

"நாரே அப்பா, ஒரு விஷயம்."

"ஆங்?"

"ஒரு விஷயம் சொல்லணும்!"

"சத்தமாச் சொல்லு!"

"மிஷினை நிறுத்துங்க!"

"நிறுத்தக்கூடாது, இன்னும் முந்நூறு கொக்கி இருக்கு. திங்கட்கிழமை சரக்கோட சேர்த்துத்தான் கொடுக்கணும். சொல்லு, என்ன?"

செவிட்டு மனுஷனிடம் ரகசியம் சொல்ல யாரால் முடியும்? யோம் இந்தப் பக்கம், வியட்நாம்காரர்கள் அந்தப் பக்கம். பில்சுன் வலது காதுப் பக்கம் வாயை வைத்து, பிரஸ் விழுந்து விழுந்து எழுகிற இடைவெளியில், தொண்டை கிழியக் கத்தினாள். "நீங்க கம்பெனிக்கு நாற்பத்திரண்டு கோடி கடன்! நான்தான் எழுதினேன்! பில் இல்லாத காசையெல்லாம் உங்க பேர்ல எழுதினேன்! வருஷக் கடைசியில சீட்டுப் பணம் வாங்கி மறைச்சேன்!"

பிரஸ் நின்றது. அவர்தான் நிறுத்தினாரோ, யோம் நிறுத்தினாரோ. கொட்டகை முழுக்க அமைதி. அந்த அமைதியில் அவள் இன்னொரு தரம், "நாற்பத்திரண்டு கோடி!" என்று கத்தியது ரோட்டுக்கே கேட்டிருக்கும்.

தால்சு கையுறையைக் கழற்றினார். ஒவ்வொரு விரலாக நிதானமாகக் கழற்றினார். "கத்தாத. கேட்டுடுச்சு" என்றார்.

அன்றைக்கு மீதி முந்நூறு கொக்கியையும் அடித்து முடித்துவிட்டுத்தான் அவர் வீட்டுக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தானாகவே ஆபீஸுக்கு வந்து திரை முன்னால் உட்கார்ந்தார். "ஒண்ணொண்ணாப் படி" என்றார் மகளிடம். நாரே அவர் காதருகே உட்கார்ந்து படித்தாள். தேதி, தொகை, தேதி, தொகை. காரணம் என்ற இடத்தில் எதுவும் இல்லை.

"ரெண்டாயிரத்து ஏழு, ஜூன், ரெண்டு கோடி."

"யோம் விரலை பிரஸ் நசுக்கினது. ஆஸ்பத்திரிக்கு."

"அதுக்குத்தான் கவர்ன்மெண்ட் இன்ஷூரன்ஸ் இருக்கேப்பா!"

"விபத்துன்னு எழுதினா ஆர்டரை நிறுத்திடுவாங்க. வெங்காயம் நறுக்குறப்ப வெட்டிக்கிட்டான்னு டாக்டர்கிட்ட சொன்னோம். இந்தத் தடி ஆளு வெங்காயம் நறுக்கினானாம், டாக்டர் நம்பிட்டாரு." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

"ரெண்டாயிரத்து பத்து, செப்டம்பர், நாற்பது லட்சம்."

"மேனேஜர். பண்டிகை. நான்தான் கொண்டுபோய் அவன் கார் சீட்டுல வெச்சேன். நாம அடிச்ச கொக்கி போட்ட சீட்டு."

அவருக்கு எல்லாமே ஞாபகம் இருந்தது. பில்சுனுக்கே மறந்துபோனதை எல்லாம் அவர் சொன்னார். மழையில் கூரை பிய்ந்தது, வேலைக்காரனைப் பெர்மிட் இல்லை என்று பிடித்துப் போனபோது அவன் ஊருக்கு அனுப்பிய சம்பளம், மேனேஜர் மகள் கல்யாணம். ஒன்றுகூட அவர் தின்றதில்லை, குடித்ததில்லை. ஆனால் எல்லாம் அவர் தலையில்.

"ரெண்டாயிரத்து பதினாலு, மார்ச், அஞ்சு கோடி" என்று படித்தாள் நாரே. "ஒரே நாள்ல அஞ்சு கோடி. இது என்னது?"

அம்மாதான் சொன்னாள். "சியோல்ல உன் வீட்டுக்கு அட்வான்ஸ்."

நாரே அதற்கப்புறம் படிக்கவில்லை. நேற்று அம்மாவிடம் கேள்வி மேல் கேள்வி கேட்ட வாய் அது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு மவுஸை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டே இருந்தாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்றார் தால்சு. கோபமாகக் கேட்டிருந்தால் பில்சுன் பதிலுக்குக் கத்தியிருப்பாள்.

"நீங்க கவர் கேட்டப்பல்லாம் கொடுத்தேன். அதை எங்க எழுதறேன்னு நீங்க ஒருநாள் கேட்டீங்களா?"

"கேட்கல."

"சொன்னா பயந்துடுவீங்கன்னு இருந்தேன். அப்புறம் சொல்லவே பயமாப் போச்சு. ஒவ்வொரு டிசம்பரும் இந்த வருஷம் சொல்லிடணும்னு நினைப்பேன். சூன்தோக் அக்கா பணத்தைக் கொண்டுவந்து கொடுத்ததும், சரி அடுத்த வருஷம்னு விட்டுடுவேன். எனக்கு டிசம்பர் வந்தாலே பேதி புடுங்கும். உங்களுக்கு அது தெரியுமா?"

"முள்ளங்கி ஊறுகாய் ஒத்துக்கலைன்னு சொல்லுவே."

"ஊறுகாயாம் ஊறுகாய்!" என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு ஓக் வந்தார். சட்டைப் பையில் முத்திரை, கையில் ஒரு பெட்டி ஸ்ட்ராபெரி. பத்திரத்தை விரித்ததும் தால்சு அதன் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார்.

"ஓக், இதுல என் கணக்கு சுத்தம்னு எழுதியிருக்கு. சுத்தமில்லை. நாற்பத்திரண்டு கோடி கைமாற்று நிக்குது. வருஷக் கடைசியில மட்டும் கழுவி வெச்சிருந்தோம்."

பில்சுன் கண்ணை மூடிக்கொண்டாள். ஓக் போலீஸைக் கூப்பிடுவார், பெட்டியைத் தூக்கி எறிவார் என்று என்னென்னவோ எதிர்பார்த்தாள். ஓக் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தார்.

"அண்ணே, எனக்கு எழுபது நிக்குது" என்றார்.

"என்னது?" என்றார் தால்சு, காதைத் திருப்பி.

"எழுபது கோடி! எனக்கும் அதே வியாதிதான்! எனக்கும் டிசம்பர்ல சூன்தோக் அக்காதான்!" ஓக்கும் கத்தவேண்டியிருந்தது. "பாங்குக்காரன் இந்தத் தடவை மாசா மாசம் கணக்கு கேட்டுட்டான். ஒரு சுத்தமான கம்பெனியை வாங்கி, அந்தத் தாளைக் காட்டி லோன் வாங்கலாம்னு இருந்தேன். இந்த ஏரியாவுல உங்க தாள்தான் சுத்தம்னு சும்மாவா சொன்னேன்?"

நாரே மட்டும் ஒரு தடவை ஹ என்று சிரித்தாள், உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப வாங்கமாட்டே" என்றார் தால்சு.

"எப்படிண்ணே வாங்குவேன்? உங்க கடனையும் சேர்த்துத் தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன்?" ஓக் பத்திரத்தை மடித்தார். முத்திரையைப் பைக்குள் போட்டார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி பில்சுனைப் பார்த்தார். "அண்ணி, தப்பா நினைக்காதீங்க. இந்த வருஷம் சூன்தோக் அக்காகிட்ட நீங்க முன்னாடி போவீங்களா, நான் முன்னாடி போகட்டுமா?"

"நான் இனிமே போகமாட்டேன்" என்றாள் பில்சுன். இதை யாரிடமும் கேட்டுக்கொண்டு அவள் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே மேங்கிடம் போனார்கள். ஆடிட்டர் ஆச்சரியப்படவே இல்லை, அதுதான் பில்சுனுக்கு ஆத்திரமாக இருந்தது. இந்த மார்ச்சிலேயே உள்ளதை உள்ளபடி காட்டிவிடலாம் என்றார் அவர். பாங்கு வட்டியைக் கூட்டும், கூட்டட்டும். ஒரே வழிதான் இருக்கிறது. முதலாளி சம்பளத்தை ஏற்றிக்கொள்ள வேண்டும். ஏற்றினதை மாசா மாசம் கம்பெனிக்கே திருப்பிக் கட்டவேண்டும். அதற்கு முதலாளி முதலாளியாகவே இருக்கவேண்டும். பட்டறை ஓடவேண்டும்.

"எத்தனை வருஷம்?" என்று தால்சு கேட்டார். மேங் மழுப்பினார். சாஃப்ட்வேரில் போட்டால் அதுவே சொல்லும் என்றார்.

ஏப்ரல் முதல் தேதி நாரே சியோலுக்குக் கிளம்பும் முன் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுப் போனாள். அந்த அஞ்சு கோடியை அவள் கட்டுவதாகச் சொன்னதற்குத் தால்சு காதே கேட்காத மாதிரி இருந்துவிட்டார். பில்சுன் தனியாக உட்கார்ந்தாள். இந்த சாஃப்ட்வேரில் காரணம் என்ற இடத்தை நிரப்பாமல் அடுத்ததுக்குப் போக விடாது. 'புருஷன் எடுக்கவில்லை' என்று அடித்தாள். அழித்தாள். 'முதலாளி கடன் திருப்பிக் கட்டல்' என்று அடித்தாள். மாசம் முப்பத்திரண்டு லட்சம் என்று போட்டாள். வட்டியையும் சேர்த்து, பொத்தானை அமுக்கியதும் மாசத்துக்கு ஒன்றாக நூற்றுத்தொண்ணூறு வரி சரசரவென்று இறங்கியது. கடைசி வரியில் தேதி நின்றது. இரண்டாயிரத்து முப்பத்தொன்பது.

கீழே பிரஸ் அடித்துக்கொண்டிருந்தது. படியில் வந்து நின்றாள். தால்சு அண்ணாந்து பார்த்தார்.

"என்ன சொல்லுது?" என்று கத்தினார்.

"முப்பத்தொன்பது! உங்களுக்கு எண்பத்துமூணு!"

யோம் தலையைக் குனிந்துகொண்டார். தால்சு விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். பிறகு சிரித்தார், நிஜமாகவே சிரித்தார்.

"அதுவரைக்கும் சாகக்கூடாதா?"

"சாகக்கூடாது!" என்று பில்சுன் கத்தினாள். "செத்தீங்கன்னா புள்ளை தலையில போகும்! சாகவே கூடாது!"

அவர் கையை ஆட்டிவிட்டு அடுத்த தகட்டை எடுத்து வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து கோயிலுக்குப் போனால் அவர் ஆயுசுக்குத்தான் வேண்டிக்கொள்வாள் பில்சுன். இப்போது அதுவே தவணையாகிவிட்டது. படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் கை பிரஸ்ஸுக்குள் போவதையும் வெளியே வருவதையும் பார்த்துக்கொண்டே நின்றாள்.